செவலையின் தலையீத்து

ஐப்பசி 2, சனி

விடிந்ததில் இருந்து தூறல். விறகு பூராவும் ஈரம். அடுப்பு பற்றுவதற்குள் கண் எரிந்ததுதான் மிச்சம். காபி பத்து மணிக்கு. இவருக்கு முகம் தொங்கிவிட்டது. தொங்கட்டும்.

இன்று ஆன வேலை: கொட்டகையின் வடக்கு ஓரம் தார்ப்பாய் போட்டுக் கட்டியது (இவர் ஏணி மேலே, நான் கீழே நின்று திட்டு). கல்யாண முருங்கையில் கிளை கழித்து இரண்டு கட்டுத் தழை. ஆடுகளுக்குப் பலாத்தழை. சாமைக்காட்டுப் பக்கம் போகவே இல்லை. கதிர் சாய்ந்திருக்கும், பார்த்து என்ன செய்ய.

செவலைக்கு நிறைமாதம். மடி இறங்கத் தொடங்கிவிட்டது. சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத வயிறு. நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடுகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறாள்.

கன்று யாருக்கு என்று இவர் மறுபடி கேட்டார். எத்தனை தடவை சொல்வது. எழுதியே வைக்கிறேன். செவலை சம்பந்தி வீட்டு மாடு. மகள் மேகலாவைக் குப்பனூரில் கொடுத்தோமே, அந்த வீடு. மலைக்குக் கீழே பச்சைத் தீவனம் இல்லையென்று போன வருஷம் இன்னும் கன்று போடாத கெடேரியாக இருந்தபோது நம்மிடம் வாரத்துக்கு விட்டார்கள். பேச்சு இதுதான்: மாடு அவர்களுடையது, வளர்ப்பு நம்முடையது. தலையீத்து, அதாவது முதல் கன்று, வளர்த்த நமக்கு. அது பால் மறந்ததும் மாடு குப்பனூர் திரும்பிவிடும்.

வண்டியில் இருந்து செவலையை இறக்கின அன்றைக்குச் சம்பந்தியம்மா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இவ கன்னு உங்க ஊட்டு வாசல்ல துள்ளட்டுங்க சம்பந்தி. அந்த ராசியில நம்ம ஊட்டுலயும் தொட்டில் ஆடட்டும்.” சொல்லிவிட்டு அங்கேயே கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். குலசாமிக்கு வேண்டுதலும் வைத்திருக்கிறாராம்.

மேகலா அப்போது பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு.

கல்யாணமாகி நாலு வருஷம் ஓடிவிட்டது.


ஐப்பசி 4, திங்கள்

மழை விட்டு விட்டு. மதியம் கொஞ்சம் வெயில், உடனே மூடிவிட்டது.

வெள்ளாட்டில் இரண்டுக்குக் குளம்பு அழுகல். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். கிடா கொம்பன் உதைத்தான், முழங்காலில் நல்ல அடி.

மாட்டு டாக்டரம்மா தடுப்பூசி போட ஊருக்குள் வந்திருந்தார்கள். சின்ன வயசு. மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும். செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறிவிட்டது. என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டார்கள். சினை ஊசிதான், பெரிய ஜாதி என்றேன். இந்த உடம்புக்கு அதைப் போடலாமா என்று ஒரே வார்த்தை. அதற்குமேல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்தக் கதையும் கேவலம்தான். செவலை பருவத்துக்கு வந்து கத்தினபோது எந்த ஊசி போடுவது என்று நான் சம்பந்திக்குப் போன் போட்டேன். உங்க இஷ்டங்க என்றார்கள். மாடு உங்களுதுங்க, நீங்க சொல்லுங்க என்றேன். நீங்க பாத்துச் செய்யுங்க என்றார்கள். ஊசி போட வந்தவர் கேட்டார், இரண்டு வீட்டிலும் ஒரு முடிவு சொல்லவில்லை என்று தன் பெட்டியில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

டாக்டரம்மா நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள். வலி எடுத்தால் உடனே கூப்பிட வேண்டுமாம். ஒரு நிமிஷமும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

வீட்டில் டவர் கிடையாது. முனியப்பன் கல்லுக்கு மேலே பாறைக்கு ஏறினால்தான் பேச முடியும். அங்கே போய் மேகலாவிடம் பேசினேன். நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மா, அதே பேச்சு. என்ன சமைத்தாய் என்றால்கூட நல்லா இருக்கேன் என்கிறாள்.


ஐப்பசி 7, வியாழன்

ராத்திரி காட்டெருமை இறங்கியிருக்கிறது. காலையில் பார்த்தால் கல்கட்டு சரிந்து கிடக்கிறது, சாமை பாதிக்குமேல் மிதிபட்டுப் போயிற்று. காபிச் செடி இரண்டு வேரோடு சாய்ந்திருக்கிறது. இவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொல்லப் போனார். எஸ்டேட்டிலும் அதே கதைதானாம். கை கொட்டிச் சத்தம் போட்டால் நின்று திரும்பிப் பார்க்கும், அதனால் யாரும் சத்தம் போடவில்லையாம். சரி.

இந்த வருஷம் சாமை விதைக்குத் தேறினால் போதும்.

அடிவாரம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நிறுத்தம். குப்பனூர் ரோடு மட்டும் ஓடுகிறது. தீபாவளிக்கு இறங்குகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு பஸ்ஸில். பக்கத்து வீட்டு ராசம்மா வேலைக்கு வாழவந்தி வரை நடந்தே போய் வந்தாள்.

சம்பந்தி வீட்டில் இருந்து கிழங்குத் திப்பி (மாவு எடுத்த சக்கை) ஒரு மூட்டை பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். செவலைக்கு. சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பதிலுக்கு நான் பலாப்பிஞ்சும் மிளகும் கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ராசம்மா வந்து செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “இந்தக் கன்னு நல்லபடியா கீழ உழுந்துச்சுன்னா உங்க புள்ளைக்கும் வழி தொறந்துருமுங்க. எங்க பக்கம் எல்லாரும் அதைத்தான் பேசிக்கறாங்க.”

அப்படியா என்றேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஊரே கொட்டகை வாசலில் உட்கார்ந்து என் மகள் வயிற்றை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆனால் ராசம்மாவைச் சொல்லி என்ன. திப்பியைத் தண்ணீரில் கரைத்து வைக்கும்போது நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். நல்லபடியாக, சாமி, நல்லபடியாக.


ஐப்பசி 9, சனி

காலை. செவலை தீனி தொடவில்லை. படுக்கிறாள், எழுகிறாள். வாலைத் தூக்கியபடியே நிற்கிறாள். தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. ஒரு கால் மட்டும் தெரிகிறது. ஒரே ஒரு கால். டாக்டரம்மாவுக்குப் போன் போடப் பாறைக்குப் போகிறேன். மழை.


ஐப்பசி 10, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன். செவலை படுத்திருக்கிறாள், இவர் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் வேறு எதுவும் ஓடவில்லை.

டாக்டரம்மா கூப்பிட்ட உடனே கிளம்பிவிட்டார்கள். வழியில் மரம் விழுந்து கிடந்ததால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அதற்குள் நாங்களும் ராசம்மாவின் வீட்டுக்காரரும் எண்ணெய் தடவிக் கையை விட்டுப் பார்த்தோம். ஒரு கால்தான் கைக்குச் சிக்கியது. தலை எட்டவே இல்லை. செவலை கத்தவில்லை. பல்லை மட்டும் நறநறவென்று கடித்தாள்.

டாக்டரம்மா தோள் வரைக்கும் கையை விட்டு வெகுநேரம் தேடினார்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்கள்.

“கன்னு உயிரோடதான் இருக்கும்மா. ஆனா தலை பின்னால மடங்கிக் கெடக்கு. இந்த வழியா முழுசா வராது. உள்ளேயே அறுத்துத் துண்டா எடுத்தா கன்னு போயிடும், மாட்டைக் காப்பாத்திடலாம். வயித்தைத் தொறந்து எடுத்தா கன்னு பொழைக்கலாம், ஆனா இந்த மழையில, இந்தச் சகதியில மாட்டுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். எதுன்னு இப்பவே சொல்லுங்க. மாடு யாரோடது?”

மாடு யாருடையது. இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

மாடு சம்பந்தியுடையது. கன்று எங்களுடையது. மாட்டைப் பணயம் வைத்துக் கன்றைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னால், அடுத்தவர் மாட்டைச் சாகக் கொடுத்துத் தன் கன்றைப் பார்த்துக்கொண்டாள் என்று ஆகும். அது எனக்கு ஆகாது. மாடு பிழைக்கட்டும், கன்றை அறுங்கள். அதுதான் சரி. அந்த நொடியே எனக்கு அது தெரியும். வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது.

ஆனால் எந்தக் கன்று? துள்ளினால் தொட்டில் ஆடும் என்று கும்பிட்டு விட்ட கன்று. வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிற கன்றை அறுங்கள் என்று மேகலாவைப் பெற்ற நான் என் வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்கு அவள் வயிற்றில் ஒன்று தங்காமல் போனால், அவள் ஆத்தாதான் அன்றைக்கு அப்படிச் சொன்னாளாம் என்று ஒரு பேச்சு வருமே. பேச்சை விடு. எனக்கே தோன்றுமே.

மாடு அவிங்களுதுங்க, கேட்டுட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுச் சாக்கைக் கொங்காடையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன். சீக்கிரம் என்று டாக்டரம்மா பின்னால் கத்தினார்கள்.

சம்பந்தியம்மாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். மாடா கன்றா என்று கேட்கிறார்கள் என்றேன். பிறகு நானே சொன்னேன்.

“நீங்க சொல்லுங்க சம்பந்தி. மாடு உங்க மாடுங்க.”

“நான் என்னங்க சொல்றது. கன்னு உங்க கன்னுங்க.”

“கன்னு கெடக்குதுங்க. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.”

“மாடு என்னங்க மாடு. உங்களுக்கு எது சரியாப் படுதோ அதைச் செய்யுங்க. நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோமுங்க.”

பின்னால் மேகலாவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை, பாதியில் நின்றுவிட்டது. இருங்க, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன் என்று சம்பந்தியம்மா போனை வைத்துவிட்டார்.

பாறையில் காத்திருந்தேன். சாக்கு நனைந்து கனத்தது. கீழே கொட்டகைத் தார்ப்பாய் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கிருந்தே ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி மணி அடித்தது. “அவரும் உங்க இஷ்டம்னுட்டாருங்க சம்பந்தி. நீங்க நல்லதுதான் செய்வீங்க.”

இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். கொட்டகைக்குள் போனதும் டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. கன்றின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமே கேக்க வேண்டியதில்லம்மா என்றார்கள். கன்று உள்ளேயே செத்துவிட்டது.

நான் இல்லாதபோது இவரிடமும் கேட்டிருக்கிறார்கள். அவ வரட்டுமுங்க என்றாராம். இந்த மனுஷன்.

அப்புறம் அறுத்துத்தான் எடுத்தார்கள். வேறு வழி இல்லை. கெடேரிக் கன்று. நெற்றியில் சுட்டி. துண்டு துண்டாகச் சாக்கில் போட்டு ஓரமாக வைத்தோம். செவலைக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. தலையை மட்டும் திருப்பி, அந்தச் சாக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தாய் கன்றைக் கூப்பிடுகிற குரல், தொண்டைக்குள்ளேயே. நான் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டுப் போனார்கள். காபி கொடுத்தேன், குடித்தார்கள். படி இறங்கும்போது சொன்னார்கள், கோபமே இல்லாமல். “நான் வந்த ஒடனே சொல்லியிருந்தா மாடு இவ்வளவு களைச்சிருக்காதும்மா.”

இன்று: காய்ச்சல். கஞ்சி வைத்தேன், நாக்கைக்கூட நீட்டவில்லை. சாக்குப் போர்த்தி, பக்கத்தில் தணல் போட்டு வைத்திருக்கிறோம். மடி நிறைந்து கல் மாதிரி இருக்கிறது. பீய்ச்சினால் சீம்பால். யாருக்கு? மண்ணில்தான் பீய்ச்சினேன்.


ஐப்பசி 11, திங்கள்

செவலை போய்விட்டாள். மதியம். மழை இல்லை, நல்ல வெயில். இரண்டு நாள் முன்னால் இந்த வெயில் வந்திருக்கக் கூடாதா.

கடைசி வரை கண் திறந்தே இருந்தது. காதைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும். சொறிந்தபோது கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் இல்லை.

பலா மரத்துக்குக் கீழே குழி. இவரும் ராசம்மாவின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். கல்லாகவே வந்தது. சாக்கையும் அவளோடு சேர்த்து வைத்தோம். உப்பும் மஞ்சளும் போட்டோம். மூடுவதற்கு முன்னால் கழுத்துக் கயிற்றை நான்தான் கழற்றினேன். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அறுத்துரு என்று இவர் சொன்னார். மாட்டேன் என்று நகத்தால் குத்தியே அவிழ்த்தேன்.

குப்பனூருக்கு இவர் பேசினார். பரவாயில்லைங்க, நம்ம நேரமுங்க என்றார்களாம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். எவ்வளவு நல்ல சனம் பாரு என்றார்.

கேட்கவே பிடிக்கவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

ஆடு மூன்று வேளையும் கத்தியது. ராசம்மாதான் தழை போட்டாளாம்.


ஐப்பசி 14, வியாழன்

குப்பனூர் போய் வந்தேன். இவர் வரவில்லை, முதுகு வலியாம். இருக்கட்டும்.

வாரத்துக்கு விட்ட மாடு செத்தால் கயிற்றை உடையவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. துவைத்துக் காய வைத்து மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பட்டாசுப் பெட்டியும் புதுத்துணிப் பையுமாக எல்லாரும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பை என் காலில் இடித்தது.

போனதும் சம்பந்தியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். இளைத்துப் போயிட்டீங்களே என்றார். காபி. அப்புறம் தோசை. வேண்டாம் என்றால் விடவில்லை. மழை எப்படி, சாமை எப்படி, சம்பந்திக்கு முதுகு தேவலைங்களா. எல்லாம் பேசினோம். செவலையைத் தவிர எல்லாம். மேகலா உள்ளே இருந்து சட்னி கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையில் இருந்து கயிற்றை எடுத்து நீட்டினேன். நாந்தானுங்க உங்க மாட்டைக் காப்பாத்தத் தெரியாமப் போயிட்டேன் என்றேன்.

அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க, உங்க கன்னும்தானே போச்சு, எனக்கு அதுதானுங்க மனசு ஆறலை என்றார் அவர். இல்லைங்க, உங்க மாடுதானுங்க. இல்லைங்க, உங்க கன்னுதானுங்க. மறுபடியும் அதே பல்லவி. கயிறு எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில்.

மேகலா வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் இவிங்க பக்கத்துலயேதாம்மா நின்னேன். கன்னை அறுக்கச் சொல்லுங்க அத்தை, மாடாவது பொழைக்கட்டும்னு சொன்னேன். அத்தை என் வாயைப் பொத்துனாங்க.”

“மேகலா, சும்மா இரு சாமி” என்றார் சம்பந்தியம்மா.

“எதுக்கு அத்தை சும்மா இருக்கணும்? என் வயித்துக்காகத்தானே ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டீங்க? எனக்குப் புள்ளை இல்லீன்னா இல்லீன்னு போகட்டும். என் பேரைச் சொல்லி ஒரு மாட்டைச் சாவடிச்சுட்டீங்களே.”

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மகள் இந்தக் குரலில் பேசி நான் கேட்டதே கிடையாது.

சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார், மெதுவாக. “நானும் அறுங்கன்னு சொல்லத்தானுங்க வாயெடுத்தேன். இவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அந்த வார்த்தையை எப்படிங்க சொல்றது. நீங்களாச் சொல்லிருவீங்கன்னு நெனைச்சேன்.”

நானும் அதையேதான் நினைத்தேன் என்றேன்.

அப்படியென்றால் அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் எல்லாருக்கும் ஒரே முடிவுதான். மலைக்கும் குப்பனூருக்கும் நடுவில் நாங்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் பூராவும் செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளிடம் யாரும் இஷ்டம் கேட்கவில்லை.

மேகலா கயிற்றைக் கொண்டுபோய் அவர்கள் கொட்டகையில் மாட்டினாள். பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். அவள் கை சொரசொரவென்று காய்த்துப் போயிருக்கிறது. எப்போது இப்படி ஆயிற்று.


ஐப்பசி 15, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. சாமை அறுக்க ராசம்மா கூப்பிட்டாள். நாளைக்கு என்றேன்.

சாணம் வார வேண்டிய நேரத்துக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.


ஐப்பசி 18, திங்கள்

தூறல். இரண்டு நாளாகச் சாமை அறுப்பு. கூலிக்கு ஆள் வைக்கிற அளவுக்கு இல்லை, நானும் இவரும்தான். மிதிபட்டது போக மிச்சத்தை அறுத்து வாசலில் விரித்தோம். அதற்குள் தூறல் வந்து மறுபடி அள்ளினோம். கொம்பனுக்குக் குளம்பு ஆறிவிட்டது. வந்து இரண்டு வாய் தின்றுவிட்டான், கடன்காரன்.

தீபாவளிக்கு ஒன்றும் செய்யவில்லை. ராசம்மா அதிரசம் கொடுத்தாள். இவர் தின்றார்.

சாயங்காலம் பாறைக்குப் போனேன். மேகலா கூப்பிட்டிருந்தாள். குரல் பழையபடி இல்லை, அன்றைக்குப் பேசின அதே குரல்தான்.

செவலையின் தங்கச்சி ஒன்று அங்கே கொட்டகையில் நிற்கிறது, கருப்பி. அதைத் தன் மாடாகக் கொடுத்துவிடச் சொல்லி மாமியாரிடம் கேட்டிருக்கிறாள். சம்பந்தியம்மா கொடுத்துவிட்டாராம். அதை நம்மிடம் வாரத்துக்கு விடுகிறாளாம்.

“அதே பேச்சுதாம்மா. தலையீத்து உனக்கு. ஆனா வேண்டுதல் கீண்டுதல் ஒண்ணும் கெடையாது. அது மாடு, அவ்வளவுதான். ஊசி போடறதுன்னாலும் சரி, மாடா கன்னான்னு கேட்டாலும் சரி, எனக்குப் போன் போடு. நான் சொல்றேன்.”

கீழே கொட்டகை தெரிந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு மாட்டை அங்கே கட்டிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அவள் மனசு என்ன ஆகும். சரி என்று சொன்னால் இந்த மழையில், இந்தக் கொட்டகையில்.

“எப்ப அனுப்பட்டும்மா?”

உன் இஷ்டம் கண்ணு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“இப்ப வேண்டாம்” என்றேன். “எனக்கு முடியலை. மழை நிக்கட்டும், தையில அனுப்பு.”

சரிம்மா என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டு இறங்கினேன்.

தைக்குள் கொட்டகைத் தரைக்குக் கல் போட வேண்டும். கயிறு புதுசு ஒன்று.